நாலு கோட்டு நோட்டில் கூட்டெழுத்து: ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கர்சிவ் பழக்கும் முறை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் காரைக்குடி, தேவகோட்டை நோட்டுக் கடைகளில் கர்சிவ், அதாவது ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கூட்டெழுத்து, பழகும் காப்பி நோட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். மேலே அச்சடித்த மாதிரி, அதன் கீழே புள்ளி வைத்த எழுத்து, அதற்கும் கீழே ஏழெட்டு வெற்று வரி. இந்த நோட்டை முழுதாக முடித்த பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தன் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்துகளைத் தனித்தனியாகப் போட்டுவிட்டு, அப்புறம் நடுநடுவே சின்னக் கோடு இழுத்து ஒட்டவைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். நோட்டு அழகாகத்தான் இருக்கும். கை மட்டும் பழகியிருக்காது.

கூட்டெழுத்தில் பாதி வேலை எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் நடக்கிறது. புள்ளியின் மேல் ஓட்டும் பயிற்சி அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அதனால் இங்கே சொல்லும் முறையில் காப்பி நோட்டு கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். முதலில் சிலேட்டு, பிறகு கோடு போட்ட தாள், அதன் பிறகு கடை நோட்டு. மொத்தம் பத்து வாரம். வாரம் ஐந்து நாள், நாளைக்குக் கால் மணி நேரம். ஒருவர் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொண்டால் கைகளைப் பார்க்க முடியாது, தாளைத்தான் பார்க்க முடியும். தாளைப் பார்த்துத் திருத்துவதில் பயன் குறைவு.

ஒரு வசதிக்காக: தமிழில் எழுதும்போது இரண்டு பி, இரண்டு டி வந்துவிடும். வகுப்பில் பிள்ளைகள் சொல்வது போலவே இங்கேயும் பால்-பி (b), பேரட்-பி (p), டாக்-டி (d), டைகர்-டி (t). பெரிய எழுத்து என்று தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்துதான்.

பிள்ளை தயாரா என்று பார்ப்பது

யுகேஜியிலேயே கர்சிவ் தொடங்கும் பள்ளிகள் உண்டு. அவசரம் வேண்டாம். ஒரு தாளில் கூட்டல் குறி, சதுரம், சாய்ந்த கோடு, முக்கோணம் வரைந்து காட்டி, பார்த்து வரையச் சொல்லுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் செங்குத்தாக வந்தாலோ, மூலை மூடாமல் போனாலோ, அந்தக் கைக்குச் சாய்வு இன்னும் வரவில்லை. கூட்டெழுத்து முழுக்கச் சாய்வுதான். சில மாதம் பொறுக்கலாம். தனி எழுத்தில் தன் பெயரைப் பார்க்காமல் எழுத வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இணைப்பைச் சொல்லித் தருவது வீண்.

மூன்றாவது சோதனை, சுழிக்கும் திசை. பூஜ்யம் போடச் சொல்லி, பென்சில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். பிள்ளையார் சுழி போட்டுப் பழகிய கை மேலே வலஞ்சுழியாக வளைந்து, இறங்கி, அடியில் வலப்பக்கம் நீளும். என், எம் எழுத்துகளின் மேடு போட அந்தப் பழக்கம் உதவும். ஆனால் ஏ, சி, டாக்-டி, ஜி, ஓ, கியூ ஆகிய ஆறும் இடஞ்சுழி. ஓவை வலஞ்சுழியாகப் போடும் பிள்ளைக்கு இந்த ஆறுமே தகராறு செய்யும். தனி எழுத்தில் அது வெளியே தெரியாது, வட்டம் வட்டமாகவே இருக்கும். சேர்த்து எழுதும்போதுதான் கை தப்பான பக்கம் போய் முடிந்து, அடுத்த எழுத்துக்குப் பாதை இல்லாமல் நிற்கும். கர்சிவ் தொடங்கும் முன்னே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

பொருள்கள்

கல் சிலேட்டு இன்னும் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் ஸ்டீல் அடிக்கோலை வைத்து, ஆணியால் 2 செ.மீ. இடைவெளியில் நான்கு கோடு கீறுங்கள். எத்தனை முறை ஈரத்துணியால் துடைத்தாலும் கோடு அழியாது. லேசாக இரண்டு இழுப்புப் போதும். ஆழமாகக் கீறினால் குச்சி அதில் மாட்டித் தடுக்கும். தகரச் சிலேட்டில் இது நடக்காது, சாயம் உரிந்துவிடும். சிலேட்டுக் குச்சியை 3 செ.மீ. துண்டுகளாக ஒடித்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டைக் கைமுஷ்டியில் பிடிக்க முடியாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாகவே சேரும். பிடியைப் பற்றிப் பத்து முறை சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

விரலால் எழுத ஒரு தாம்பாளம். 30 செ.மீ. அகலத் தாம்பாளத்தில் கால் கிலோ ரவை பரப்பினால் அரை செ.மீ. கனம் வரும், அதுதான் அளவு. அரிசி மாவு வேண்டாம்: சித்திரை, வைகாசி வெயிலில் வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு கோட்டை மூடிவிடும். கோலப்பொடி மெல்லிய கல்தூள், மூக்குக்கு ஆகாது. உணவுப் பொருளில் எழுதுவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, ரவைச் சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம்.

கோட்டுத் தாளை முதலில் நாமே போட்டுக்கொள்வது நல்லது. கடை நாலு கோட்டு நோட்டில் பெரும்பாலும் வெளிக்கோடு இரண்டும் சிவப்பு, உள்கோடு இரண்டும் நீலம். நடுப்பகுதி தொடக்கக்காரருக்கு மிகவும் குறுகல். ஏ4 தாளில் மேலும் கீழும் 2 செ.மீ. விட்டு, 8 மி.மீ. இடைவெளியில் நான்கு கோடு, அடுத்த வரிக்கு முன் 9 மி.மீ. வெற்றிடம் என்று போட்டால் எட்டு வரி கிடைக்கும். ஒரு தாளைக் கறுப்பு மையில் போட்டு வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஜெராக்ஸ் வெளிறலாக இருக்கட்டும், கோடு எழுத்தைவிட எடுப்பாகத் தெரியக் கூடாது. ஆறாம் வாரத்தில் 6 மி.மீ., கடைசியில் கடை நோட்டு. பிரான்சில் 1892 முதல் புழங்கும் செயெஸ் என்ற நோட்டுக் கோட்டு முறையில் சிறு கோடுகளின் இடைவெளி 2 மி.மீ. மட்டுமே, அங்கே கூட்டெழுத்துக்குத்தான் அந்த நோட்டு. ஆனால் அது பழகிய கைக்கான அளவு.

மூன்று பகுதிக்கும் பெயர் வைத்துவிட்டால் வேலை சுலபம். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டை வைத்தே சொல்லலாம்: நடுப்பகுதி வளவு (வீட்டின் நடுக்கட்டு), மேல்பகுதி மாடி, கீழ்ப்பகுதி நிலவறை. ஏ, ஐ, யு எல்லாம் வளவிலேயே இருக்கும்; எல், எச், கே மாடிக்குப் போய் வரும்; ஜி, ஒய் நிலவறைக்கு இறங்கும்; எஃப் மட்டும் மாடியிலிருந்து நிலவறை வரை. டைகர்-டி மாடியில் பாதிப் படிதான் ஏறும், முழுதாக ஏற்றினால் எல் ஆகிவிடும்.

பென்சில் 2பி, அல்லது எக்ஸ்ட்ரா டார்க் என்று விற்பது. எச்பியில் கறுப்பு வரவில்லை என்று பிள்ளை அழுத்தும். அழுத்தினால் விரல் இறுகும். இறுகிய விரலில் வளைவு வராது. முனையிலிருந்து இரண்டரை செ.மீ. மேலே ஒரு ரப்பர் பேண்டு சுற்றினால் அதுதான் பிடிக்க வேண்டிய இடம். அழி ரப்பரை முதல் ஆறு வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். தப்பான சொல்லின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் திரும்ப எழுதலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் அழித்துக்கொண்டிருந்தால் கையின் ஓட்டம் அறுந்துபோகும். வியர்த்த கையோடு அழித்தால் தாளும் கறுத்துத் தேய்ந்து மெலியும்.

உட்காருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் பாதி எழுத்து வேலை தரையில்தான் நடக்கிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வழவழப்பு, நோட்டு நழுவும். பாயின் மேல் நோட்டை வைத்தால் கோரையின் வரி பென்சில் முனையில் தட்டி, கோடு நடுங்கினாற் போல் விழும். பிள்ளைக்குக் கை நடுங்குகிறது என்று பயப்படும் முன் அடியில் பரீட்சை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குப்புறப் படுத்து எழுதினால் முழங்கை பூட்டிக்கொள்ளும், தோளும் முன்கையும் நகராது. கூட்டெழுத்துக்கு முன்கை நகர்ந்தே தீர வேண்டும்.

பழைய வீடுகளில் இருந்த கணக்குப்பிள்ளை சாய்வு மேசை இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரி மேசைகள் கண்ணில் படும். ஆனால் அது பெரியவர்கள் சம்மணம் போட்டு எழுதும் உயரம். பிள்ளையை ஒரு மணைப்பலகை மேல் உட்காரவைத்தால் ஓரளவு சரியாகும். புதிதாகச் செய்வதென்றால் 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. ஆழம் உள்ள மேல்பலகை. முன்பக்க உயரம் 16 செ.மீ., பின்பக்கம் 25. சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி வரும். முன்விளிம்பில் 1 செ.மீ. சட்டம் ஒன்று அடித்தால் நோட்டு சறுக்காது. சட்டத்தின் மேல்முனையை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், மணிக்கட்டில் அறுக்கும். வளவில் உட்கார்ந்தால் வெளிச்சம் வாசலிலிருந்து வரும். வலக்கைப் பிள்ளைக்கு அது இடப்பக்கம் இருக்கும்படி மேசையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் தன் கை நிழலிலேயே எழுதும்.

முதல் இரண்டு வாரம்: எழுத்தே இல்லை

தினமும் ஐந்து நிமிடம் தாம்பாளம், பத்து நிமிடம் சிலேட்டு. மூன்று புள்ளி மூன்று வரிசைச் சிக்குக் கோலம் ஒன்றை வரைந்து காட்டி, குச்சியை எடுக்காமல் சுற்றச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் பார்த்துப் பழகியது, யாருக்கும் அலுக்காது. கோலத்தின் பலன் ஒன்றே ஒன்று: கோடு அறாமல் நீண்ட தூரம் போவது. இரண்டு திசையிலும் சுற்றுவதால் இடஞ்சுழிப் பழக்கத்தை அது தராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சிலேட்டில் நான்கு ஓட்டம். ஒன்று, கீழிருந்து வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறி நேராக இறங்கும் அலை. இது ஐ, யு எழுத்துகளின் உடல். இரண்டு, மேலே உருண்டு வளையும் மேடுகள், என், எம். மூன்று, இடஞ்சுழி வட்டங்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பது. நான்கு, மாடிவரையும் வளவுக்குள்ளும் போகும் சுழிகள். எல்லும் இயும் இதில் அடங்கும். ஒவ்வோர் ஓட்டமும் சிலேட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நடுவில் நிற்காமல். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். முதலாவதில் உச்சி கூர், அடி உருண்டை; இரண்டாவதில் உச்சி உருண்டை, அடி கூர். இது கையில் ஏறாவிட்டால் என்னும் யுவும் கடைசிவரை ஒன்றாகவே இருக்கும்.

தாளின் சாய்வையும் இப்போதே பழக்கலாம். வலக்கைப் பிள்ளைக்குத் தாளின் மேல்முனை இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், 20 முதல் 30 டிகிரி. பலகையில் ஒரு டேப்பை அந்தக் கோணத்தில் ஒட்டி, தாளின் ஓரத்தை அதன் மேல் வைக்கச் சொன்னால் போதும். தாள் சாய்ந்தால் எழுத்து தானே சாயும். நேரான தாளில் எழுத்தைச் சாய்க்கச் சொன்னால் பிள்ளை மணிக்கட்டை முறுக்கும்.

மூன்று முதல் ஆறு: குடும்பம் குடும்பமாக

ஏ, பி, சி வரிசையில் சொல்லித் தருவது மிகப் பெரிய தடை. பால்-பி இரண்டாவதாக வரும் எழுத்து, கூட்டெழுத்தில் கடினமானவற்றில் அதுவும் ஒன்று. ஓட்டத்தின் வரிசையில் போக வேண்டும். முதலில் ஐ, யு, டைகர்-டி, பிறகு இ, எல். மூன்றாம் வாரம் முடிவதற்குள் இந்த ஐந்தையும் வைத்தே இரண்டு, மூன்று எழுத்துச் சொல் எழுதிவிடலாம். தனி எழுத்தை வரி வரியாக நிரப்பச் சொல்லவே வேண்டாம். ஓர் எழுத்தைச் சிலேட்டில் ஐந்து முறை, அப்புறம் உடனே ஏற்கெனவே தெரிந்த எழுத்தோடு ஜோடி.

இயும் எல்லும் ஒரே ஓட்டம், உயரம் மட்டும் வேறு. இயின் கண் மூடிப்போனால் அது புள்ளி மறந்த ஐ ஆகிவிடும். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதே காரணம். ஏறும்போது இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

நான்காம் வாரம் இடஞ்சுழிக் குடும்பம்: சி, ஏ, டாக்-டி, ஜி. இங்கே இருக்கும் ஒரே சூட்சுமம், வந்த கோட்டிலேயே திரும்பி இறங்குவது. சுழி மேலே போய் மூடிய பிறகு அதே கோட்டின் மேல் கீழே வர வேண்டும். பிள்ளை மூடாமல் இறங்கினால் ஏ யுவாகத் தெரியும். தள்ளி இறங்கினால் டாக்-டி, சியும் எல்லுமாகப் பிரிந்து இரண்டு எழுத்தாகும். ‘மேலே போ, தொடு, அதே வழியில் இறங்கு’ என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுத வைத்தால் ஒரு வாரத்தில் படியும்.

ஐந்தாம் வாரம் என், எம், எச், கே, ஒய். மேடுகளை எண்ண வைக்க வேண்டும். பல காப்பி நோட்டுகளில் கூட்டெழுத்து எம்முக்கு மூன்று மேடு, என்னுக்கு இரண்டு. தனி எழுத்தில் எம்முக்கு இரண்டு, என்னுக்கு ஒன்று என்று பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது குழப்பும். உங்கள் பள்ளி நோட்டில் எப்படி இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், கலக்க வேண்டாம். ஜி, ஜே, ஒய் மூன்றின் வாலும் இடப்பக்கம் சுழன்று, அடிக்கோட்டில் வெட்டி வெளியே வரும். எஃப், கியூ இரண்டின் வால் வலப்பக்கம் திரும்பும். வால் அடிக்கோட்டுக்குக் கீழேயே வெட்டிவிட்டால் அடுத்த எழுத்து நிலவறையிலிருந்து தொடங்கி, சொல் முழுக்கச் சரிந்துகொண்டே போகும்.

ஆர், எஸ் இரண்டும் இந்த நான்கு வாரத்தின் மிச்சத்தில். ஆரின் தோள் முக்கியம்: ஏறி, உச்சியில் சற்றே வலப்பக்கம் நகர்ந்து, பிறகு இறங்க வேண்டும். நகராமல் இறங்கினால் ஐ. எஸ்ஸின் வயிறு அடியில் ஏறுகோட்டைத் தொட்டு மூட வேண்டும்.

மேல்வழி எழுத்துகள்

ஏழாம் வாரம் முழுவதும் நான்கே எழுத்து: ஓ, பால்-பி, வி, டபிள்யு. மற்ற எழுத்தெல்லாம் அடிக்கோட்டில் முடிந்து அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். இந்த நான்கும் உச்சியில் முடியும். அடுத்த எழுத்துக்குப் போகும் கோடு மேலேயே, சற்றுக் குழிந்தபடி, வளவின் கூரையை ஒட்டிப் போக வேண்டும். பிள்ளை பழக்கதோஷத்தில் அடிக்கோட்டுக்கு இறங்கிவிடும். இறங்கினால் ஓ ஏவாக மாறும், வி யுவாக மாறும், டபிள்யு யுவும் ஐயும் ஆகும், பால்-பி எல்லும் ஐயுமாகப் பிரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளில்கூட ‘ஓ’வா ‘ஏ’வா என்று தெரியாமல் திருத்துபவர் முழிப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான காப்பி நோட்டுகளில் இந்த இணைப்புக்குத் தனிப் பக்கமே இல்லை. ஓவுக்கு ஒரு பக்கம், என்னுக்கு ஒரு பக்கம். ஓவும் என்னும் சேரும் இடத்துக்கு ஒன்றுமில்லை. அதனால் ஜோடிகளை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சுலபமானதிலிருந்து: ஓ-என், ஓ-எம், ஓ-யு, டபிள்யு-ஐ, வி-ஐ. இவற்றில் பாலம் நேராக அடுத்த எழுத்தின் உச்சியில் போய் இறங்கும். அடுத்து ஓ-ஏ, வி-ஏ, டபிள்யு-ஏ: பாலம் சுழியின் வலப்பக்க உச்சிவரை போய், அங்கிருந்து திரும்பி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். பாலத்தின் மேலேயே திரும்பி வருவது பிள்ளைக்கு வினோதமாக இருக்கும்.

கடைசியாக இ, ஆர், எஸ். ஓ-இ, டபிள்யு-இ, வி-இ, பால்-பி-இ. இயின் கண் வழக்கமாகத் தரையிலிருந்து ஏறிவரும் கோட்டில் உருவாகிறது. இங்கே தரையே இல்லை. பாலத்தை வளவின் பாதி உயரம்வரை குழியவிட்டு, அங்கிருந்து மேலே சுழற்ற வேண்டும். குழியாவிட்டால் கண் விழாது. ஓ-ஆர், ஓ-எஸ் ஜோடிகளில் ஆரும் எஸ்ஸும் தங்கள் ஏறுகோட்டை இழந்துவிடும், அதனால் அச்சு மாதிரியில் இருப்பது போலவே இருக்காது. எஸ்ஸின் உச்சி மழுங்கித் தெரிந்தால் அது தப்பில்லை என்று பிள்ளையிடமும், பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒரு ஜோடி சிலேட்டில் ஐந்து முறை, தாளில் மூன்று முறை, பிறகு ஒரு சொல்லுக்குள். சோதிக்க, சொல்லின் பிற்பகுதியைத் தாள் துண்டால் மூடிவிட்டு, தெரிகிற எழுத்து எது என்று பக்கத்துப் பிள்ளையைக் கேளுங்கள். ஏ என்று பதில் வந்தால் எழுதிய பிள்ளைக்கே உடனே புரிந்துவிடும்.

புள்ளியும் குறுக்குக் கோடும்

தமிழில் ‘க்’ எழுதும் பிள்ளை எழுத்தை முடித்த கையோடு புள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அந்தப் பழக்கம் அப்படியே ஐ, ஜே புள்ளிக்கும் வரும். சொல்லின் நடுவே கையைத் தூக்கிப் புள்ளி வைத்தால் ஓட்டம் அறும்; திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு விழும். முழுச் சொல்லையும் முடித்துவிட்டு, இடமிருந்து வலமாகப் போய்ப் புள்ளியும் குறுக்குக் கோடும் போட வேண்டும். எக்ஸின் குறுக்குக் கோடும் இப்படித்தான். டைகர்-டி இரண்டு சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் ஒரே குறுக்குக் கோடு.

இதற்கு நம் ஊர்ப் பெயர்களைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது செட்டிநாடு, கோட்டையூர், தேவகோட்டை, பிள்ளையார்பட்டி நான்கிலும் இரட்டை டைகர்-டி உண்டு. தேவகோட்டையில் வி-ஏ, ஓ-டைகர்-டி என்று இரண்டு மேல்வழி இணைப்பும் சேர்ந்து வருவதால் ஏழாம் வாரத்துக்கு அதுவே பரீட்சை. பிள்ளையார்பட்டியில் மூன்று ஐ, இரட்டை எல், இரட்டை டி: புள்ளியையும் குறுக்குக் கோட்டையும் கடைசியில் போடாவிட்டால் கை ஐந்து இடத்தில் நிற்கும். புதுவயலில் வி-ஏ, அடுத்தே ஒய்யின் வால். குன்றக்குடியில் என், டாக்-டி, ஆர், ஏ என்று நான்கு வெவ்வேறு ஓட்டம் அடுத்தடுத்து வருவதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள் வீட்டில். மெய்யப்பன் என்றால் இரண்டு ஒய், இரண்டு பேரட்-பி, நான்குமே நிலவறைக்கு இறங்குபவை. வால்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் அதிகம் இடம் விடச் சொல்ல வேண்டும். வள்ளியம்மையில் இரட்டை எம், மேடு எண்ணிக்கை தவறினால் பெயரே மாறும். சொக்கலிங்கம் பன்னிரண்டு எழுத்து. ஏழு வயதுக் கை ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போகாது. நடுவில் முன்கையை நகர்த்த ஓர் இடம் குறித்துக் கொடுங்கள், இரண்டாவது கேக்குப் பிறகு நிறுத்தி நகர்த்தலாம். முன்னால் வரும் இனிஷியல் புள்ளியோடு தனியாக நிற்கும், பெயரோடு சேராது.

கெடும் இடங்கள்

தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து, கீழ்த்தாளில் பதியாமல் எழுத முடிகிறதா என்று விளையாட்டாகப் பழக்கலாம். முதலில் மேல்தாளிலும் ஒன்றும் தெரியாத அளவுக்கு லேசாக எழுதுவார்கள். இரண்டு மூன்று நாளில் நடுநிலை வந்துவிடும்.

கை வியர்வையால் தாள் ஈரமாகி, பென்சில் கோடு இழுபடும். கையடியில் வைக்க ஒரு கால்தாள் போதும்.

இம்போசிஷன் வேண்டவே வேண்டாம். பத்து வரி எழுதிய பக்கத்தைப் பார்த்தால் தெரியும், இரண்டாவது வரி ஓரளவு நன்றாக இருக்கும், பத்தாவது வேறு எழுத்தாகவே மாறியிருக்கும். பிள்ளை மாதிரியைப் பார்ப்பதில்லை, தான் கடைசியாக எழுதிய வரியைப் பார்த்து எழுதுகிறது. தப்பு வரிக்கு வரி வளர்கிறது. கடை நோட்டைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் அடி வரியிலிருந்து மேல்நோக்கி எழுதச் சொல்லுங்கள். எழுதிய வரிகளைக் கை மறைத்துக்கொள்ளும், கண்ணுக்கு அச்சு மாதிரி மட்டுமே மிஞ்சும். நாளுக்கு மூன்று வரி, அதில் மிக நன்றாக வந்த சொல்லைப் பிள்ளையே வட்டமிட வேண்டும்.

திருத்துபவர் ஒரு நாளில் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலில் சுழிக்கும் திசை, அது சரியான பின் இணைப்பு, பிறகு அடிக்கோட்டில் உட்காருவது, அதன் பின் உயரம். சாய்வு எல்லாவற்றுக்கும் கடைசி. பெற்றோர் கண்ணுக்கு முதலில் படுவது சாய்வுதான். அதை முதலில் பிடித்தால் மற்றதெல்லாம் கெடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு ஓ எழுதும் அளவு இடம்.

இடக்கைப் பிள்ளைகள்

கையை மாற்றக் கூடாது. அப்பத்தா ‘பீச்சாங்கை’ என்று கண்டித்தாலும் வகுப்பில் அதைத் தொடர வேண்டாம். தாளின் மேல்முனை வலப்பக்கம் திரும்பட்டும், 30 முதல் 45 டிகிரி. பென்சிலை முனையிலிருந்து மூன்றரை, நான்கு செ.மீ. மேலே பிடித்தால்தான் எழுதியது கண்ணுக்குத் தெரியும். கை எழுதும் வரிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வளைத்துக் கொக்கி போல் வைப்பது தாள் நேராக இருப்பதால் வரும் பழக்கம். பெஞ்சில் இடக்கோடியில் உட்காரவையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு நாள் முழுக்கச் சண்டை. மாதிரிச் சொல்லை வரியின் வலப்பக்கத்திலும் எழுதிக் கொடுங்கள், இடப்பக்கம் இருந்தால் தன் கையே அதை மறைக்கும். அவர்கள் எழுத்து நேராகவோ இடப்பக்கம் சாய்ந்தோ வரலாம். ஒரே சீராக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

எட்டு முதல் பத்து: பெரிய எழுத்து, வேகம், பேனா

பெரிய எழுத்துகளில் சில இப்போது யாருக்கும் வேண்டாத அலங்காரம். பெரிய கியூ இரண்டு என்ற எண் போலவும், பெரிய ஜி, எஸ் இரண்டும் ஒன்றுபோலவும் இருப்பதைப் பிள்ளை மேல் சுமத்துவதில் அர்த்தமில்லை. பள்ளி வற்புறுத்தாத பட்சத்தில் தனி எழுத்து வடிவமே போதும். டாக்-டி, எஃப், ஓ, பேரட்-பி, டைகர்-டி, வி, டபிள்யு ஆகியவற்றின் பெரிய வடிவத்தை அடுத்த எழுத்தோடு சேர்க்கவும் வேண்டாம். பெயர் எழுதத் தேவையான பெரிய எழுத்தை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு, மற்றவற்றை வாரத்துக்கு நாலைந்தாகப் போகலாம்.

கணினி வந்த பிறகு இது எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அமெரிக்காவில் 2010ல் வந்த பொதுப் பாடத்தரத்தில் கர்சிவ் இடம்பெறவில்லை. கலிபோர்னியா 2023ல் சட்டம் போட்டு முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்புவரை திரும்பக் கொண்டுவந்தது. இங்கே பரீட்சை இன்னும் கையால் எழுதுவதாகவே இருக்கிறது, அந்தக் காரணமே போதும். அழகுக்காகவோ, புத்தி வளரும் என்றோ வாக்குக் கொடுக்கத் தேவையில்லை.

வேகத்தை இப்படிப் பார்க்கலாம். தெரிந்த ஒரு வாக்கியத்தை இரண்டு நிமிடம் தனி எழுத்தில், மறுநாள் அதே வாக்கியத்தை இரண்டு நிமிடம் கூட்டெழுத்தில் எழுதச் சொல்லி எழுத்துகளை எண்ணுங்கள். பத்தாம் வார முடிவிலும் கூட்டெழுத்து மெதுவாகவே இருக்கும், அது இயல்பு. தனி எழுத்தின் எண்ணிக்கையை எட்டும்வரை வகுப்புக் குறிப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் தனி எழுத்திலேயே போகட்டும். கூட்டெழுத்து அந்தக் கால் மணியோடு நிற்கட்டும். அவசரத்தில் எழுதினால் கை பழைய குறுக்கு வழிகளுக்கே போகும், முக்கியமாக ஓ திரும்ப ஏவாகும்.

பேனாவுக்கு மூன்றாம் வகுப்பு முடியட்டும். மை பேனா அழுத்தம் கேட்காது, கூட்டெழுத்துக்கு அதுதான் தோது. நிப் நடுத்தரமாக இருக்கட்டும். மிக மெல்லிய நிப் ஏறுகோட்டில் தாளைக் கிழிக்கும். மை ஊறாத கனமான தாள் வேண்டும், மலிவு நோட்டில் மை படர்ந்து இயின் கண் மூடிவிடும். பால் பாயின்ட் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்த வேண்டியிருப்பதால் பத்து வாரம் பழகிய பிடி கெடும். இடக்கைப் பிள்ளைக்கு மை காயும் முன்பே கை அதன் மேல் போகும். வேகமாகக் காயும் மையும், வரிக்குக் கீழே கையை வைக்கும் பழக்கமும் இருந்தால்தான் மை பேனா. இல்லையென்றால் பென்சிலிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கலாம்.